வீடு கட்டிய பெண்கள்: பெரம்பலூர், அரியலூர் முதல் கீழத்தஞ்சை வரை

ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த செலவில் வீடு கட்டுவதில் பெண்களின் உழைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் கூலிக் கணக்கிலோ திட்ட அறிக்கையிலோ ஒரு வரியாக முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி பழைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்கில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் தொடங்கிய உழுபவர் நில உரிமை இயக்கமான லாப்டியைச் சார்ந்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் நிலையோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் பணியின் அளவும் எல்லையும் தெரியும்.

மண்சுவரும் சிமெண்டும்

பெரம்பலூரும் அரியலூரும் நீண்டகாலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிக்கப்பட்டு, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. இரண்டுமே பெரிதும் வேளாண்மையை நம்பியவை. பருத்தி, மக்காச்சோளம், கரும்பு, சின்ன வெங்காயம், முந்திரி ஆகியவை இங்கே விளைகின்றன.

இந்தப் பகுதியின் கிராமங்களில் கூலிக் குடும்பங்களின் வீடு என்பது மண்சுவரும் கூரையும்தான். கரும்பு விளையும் ஊர்களில் சோகையும், பனை மிகுந்த இடங்களில் ஓலையும், வாய்க்கால் பாசனப் பகுதிகளில் தென்னங்கீற்றும் கூரைக்கு ஆயின. இந்த வீட்டைக் கட்டியவர் யார் என்று கேட்டால் பாதிக்கு மேல் பெண்கள் என்றே சொல்ல வேண்டும். மண் வெட்டிக் குழைப்பது, வைக்கோல் கலந்து மிதிப்பது, சுவருக்குப் பூசுவது, தரையைச் சாணமிட்டு மெழுகுவது, கீற்று முடைவது எல்லாம் பெண்கள் செய்த வேலைகள். முகட்டில் ஏறிக் கூரை வேய்வது மட்டும் ஆண்களின் வேலையாக இருந்தது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் கரைந்த சுவரைச் சரிசெய்ததும் வீட்டுப் பெண்களே.

சுண்ணாம்புக் காரை காலத்திலும் இதே நிலைதான். செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்து மாடித்தளம் போட்டபோது, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் தட்டித் தட்டித் தளத்தை இறுக்கினார்கள். அந்தத் தளம் ஒழுகாமல் இருந்ததற்குக் காரணம் அந்தக் கைகள்.

அரியலூர் மண்ணுக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல் கிரெட்டேசியஸ் காலக் கடலின் படிவு. அங்கே கிடைக்கும் கடல்வாழ் உயிரினப் புதைபடிவங்களைத் தேடி உலகெங்கும் இருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். அதே சுண்ணாம்புக்கல்லைத் தேடித்தான் சிமெண்ட் ஆலைகளும் வந்தன. அருகே உள்ள டால்மியாபுரத்தில் 1939இலேயே ஆலை தொடங்கியது. 1979இல் தமிழ்நாடு அரசின் சிமெண்ட் ஆலை அரியலூரில் வந்தது. பின்னர் தனியார் ஆலைகள் பல வந்தன. தமிழ்நாட்டின் வீடுகளுக்குச் சிமெண்ட் அனுப்பும் மாவட்டத்தில், சுரங்கத்துக்கு அடுத்த தெருவில் மண்சுவர் வீடுகள் நின்றன. இந்த முரண்பாடு உள்ளூர்க்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

சிமெண்ட் வீடு வந்ததில் பெண்கள் அடைந்த நன்மை பெரிது. தீ, பாம்பு, ஒழுகல் ஆகிய மூன்றிலிருந்தும் விடுதலை. ஆனால் ஓர் இழப்பும் நேர்ந்தது. மண்சுவரை எழுப்பத் தெரிந்த பெண், சிமெண்ட் சுவருக்கு முன்னால் வெறும் சித்தாள் ஆனாள். கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம் ஆகியவை கொத்தனாரின் கையில் இருந்தன. கொத்தனார் என்றால் ஆண் என்பது எழுதாத சட்டம். சும்மாட்டின் மேல் சாந்துச் சட்டியும் செங்கல்லும் சுமப்பது பெண்ணின் பங்கு. ஆண் சித்தாளாகச் சேர்ந்து சில ஆண்டுகளில் கொத்தனாராக உயரலாம். பெண் சித்தாளாகச் சேர்ந்து சித்தாளாகவே முதுமை அடைவாள். சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. வேலையே வேறு என்று பிரித்துவிட்ட இடத்தில் அந்தச் சட்டத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. 1994இல் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தபோது பெண்களும் பதிவு பெற்றனர். அதற்கு முன் நிகழ்ந்த தொழிற்சங்கப் போராட்டங்களில் சித்தாள் பெண்களின் பங்கு கணிசமானது.

மனைக்கட்டு என்னும் சிக்கல்

வீடு கட்டுவதற்கு முன் மனை வேண்டும். தமிழ்நாட்டின் நிலமற்ற குடும்பங்களுக்கு, குறிப்பாகத் தலித் குடும்பங்களுக்கு, இதுவே முதல் தடை. காவிரிப் பாசனப் பகுதியில் பண்ணையாளின் குடிசை பண்ணையாரின் நிலத்தில் இருந்தது. கூலி கேட்டுக் குரல் எழுப்பினால் வேலை மட்டுமல்ல, குடியிருக்கும் இடமும் போகும். 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வேலையைப் பற்றிப் பேசியது. குடியிருப்பு மனையின் உரிமையை அங்கே வசிப்பவருக்கே வழங்கும் சட்டம் 1971இல்தான் வந்தது.

இரண்டு சட்டங்களுக்கும் இடையில் நடந்தது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் ஊரில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உயிருக்கு அஞ்சி அவர்கள் ஒதுங்கிய இடம் ஒரு கூரை வீடு. கூரை வீடு எதற்கெல்லாம் பாதுகாப்பு ஆகாது என்பதை இதைவிடக் கொடுமையாக எதுவும் காட்டியதில்லை.

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்

கிருஷ்ணம்மாள் 1926 ஜூன் 16 அன்று இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் பட்டிவீரன்பட்டிப் பகுதியில், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் நாகம்மாள் நிறைமாதத்திலும் வயல்வேலைக்குப் போக வேண்டியிருந்ததைக் கண்டு வளர்ந்தவர் அவர். மதுரையில் டாக்டர் சௌந்தரம் அம்மாளின் ஆதரவில் படித்துப் பட்டம் பெற்றார். சௌந்தரம் அம்மாள் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவர்.

ராமநாதபுரம் பகுதியின் வசதியான குடும்பத்தில் பிறந்து, சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற சங்கரலிங்கம் ஜெகந்நாதனை அவர் 1950இல் மணந்தார். சுதந்திர இந்தியாவில்தான் திருமணம் என்று இருவரும் காத்திருந்தனர். அதன் பிறகு வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் ஈடுபட்டு ஊர் ஊராக நடந்தனர். கீழ்வெண்மணி நிகழ்வுக்குப் பின் கணவனும் மனைவியும் கீழத்தஞ்சைக்கு வந்து அங்கேயே தங்கிப் பணியாற்றினர். நாகப்பட்டினம் அருகே கூத்தூரில் இருந்த வினோபா ஆசிரமம் அவர்களின் இருப்பிடம் ஆயிற்று.

1981இல் லாப்டி தொடங்கப்பட்டது. அதன் முறை எளிமையானது, ஆனால் பொறுமை தேவைப்பட்டது. விற்க விரும்பும் நிலவுடைமையாளர்களையும் வாங்க விரும்பும் நிலமற்றவர்களையும் ஒரே இடத்தில் அமர வைத்து விலை பேசுவது. வங்கிக் கடனும் அரசு உதவியும் பெற்று நிலத்தை வாங்குவது. குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர் வீதம் பெண்ணின் பெயரில் பதிவு செய்வது. இவ்வாறு சுமார் 13,000 குடும்பங்களுக்கு நிலம் சேர்ந்தது. பத்திரம் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும் என்பதில் கிருஷ்ணம்மாள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆணின் பெயரில் உள்ள நிலம் கடனுக்கும் சாராயத்துக்கும் போய்விடலாம், பெண்ணின் பெயரில் உள்ளது எளிதில் போகாது என்பது கிராமத்தில் யாரும் அறிந்த கணக்கு.

நிலத்திலிருந்து வீட்டுக்கு

நெல் வயலில் ஆண்டு முழுவதும் வேலை இருப்பதில்லை. வேலை இல்லாத மாதங்களில் வருமானம் வேண்டும் என்பதற்காக லாப்டி பாய் நெசவு, தையல், தச்சு, கொத்துவேலை முதலிய தொழில்களைக் கற்பித்தது. வீடு கட்டும் பணி இந்த இடத்தில்தான் வேர்விட்டது. நிலம் கிடைத்த பிறகும் குடும்பங்கள் ஒழுகும் குடிசையில்தான் இருந்தன. காவிரியின் கடைமடையில் மழைக்காலத்தில் வயலும் தெருவும் ஒன்றாகிவிடும். மண்சுவர் அடியிலிருந்து ஊறிச் சரியும். இரவில் சரிந்தால் உயிர்ச்சேதம்.

வீட்டுப் பணியின் அடிப்படை பயனாளிக் குடும்பத்தின் உழைப்பு. ஊர்ப் பெண்களே மண் பிசைந்து செங்கல் அறுத்தார்கள், அடுக்கினார்கள், சுமந்தார்கள். செங்கல் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அல்ல, தாமே செய்யக்கூடிய பொருள் என்று ஆனவுடன் வீட்டின் செலவில் பெரும் பகுதி குறைந்துவிடுகிறது. மீதம் சிமெண்ட், கம்பி, கதவு, சன்னல். அவற்றுக்கு நன்கொடையும் அரசுத் திட்டப் பணமும் தேடப்பட்டன.

2004 டிசம்பர் 26 சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. உலகின் உதவி கடற்கரைக்கு வந்தது. மீனவக் குப்பங்களில் அரசும் தொண்டு நிறுவனங்களும் ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டின. கடலிலிருந்து சற்று உள்ளே, உப்புநீர் ஏறிய வயல்களில் கூலி வேலை பார்த்த தலித் குடும்பங்களுக்கு அந்த உதவி அதே வேகத்தில் போய்ச் சேரவில்லை. அவர்கள் இழந்தது படகும் வலையும் அல்ல, வேலை. வேலையின் இழப்பை எண்ணிக் காட்டுவது கடினம். 78 வயதைக் கடந்திருந்த கிருஷ்ணம்மாள் இந்தக் குடும்பங்களின் வீடுகளைத் தம் அடுத்த வேலையாக எடுத்துக்கொண்டார்.

இதற்கிடையே இறால் பண்ணைகளுக்கு எதிரான போராட்டமும் நடந்தது. வயலை உப்பாக்கிய பண்ணைகள் தொடர்பாக ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வழங்கியது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அமைந்த பண்ணைகளை அகற்ற அது உத்தரவிட்டது. வீட்டுக்கும் இந்த வழக்குக்கும் தொடர்பு உண்டு. உப்பேறிய மண்ணில் அறுத்த செங்கல் நிற்காது. சில மழைக்குப் பின் பொரிந்து உதிரும். நிலத்தடி நீர் உப்பானால் சாந்து குழைக்கவும் தண்ணீர் கிடைக்காது.

கிருஷ்ணம்மாளுக்கு 1989இல் பத்மஸ்ரீ, 2020இல் பத்மபூஷண் விருதுகள் வழங்கப்பட்டன. மாற்று நோபல் எனப்படும் சுவீடனின் ரைட் லைவ்லிஹுட் விருதை 2008இல் அவரும் கணவரும் லாப்டியும் பெற்றனர். ஜெகந்நாதன் 2013 பிப்ரவரி 12 அன்று காந்திகிராமத்தில் காலமானார். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது, கடைமடையின் கூரை வீடுகள் மீண்டும் ஒருமுறை பறந்தன.

பிற இடங்களின் முயற்சிகள்

மும்பையின் பைகுல்லாப் பகுதியில் நடைபாதையில் வசித்த பெண்கள் 1986இல் மகிளா மிலன் என்னும் அமைப்பை உருவாக்கினர். வீடு கேட்டுப் போராடுவதற்கு முன் தமக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்பதைத் தாமே வரைந்து, துணியாலும் மரத்தாலும் முழு அளவில் மாதிரி வீடு எழுப்பிக் கண்காட்சியாக வைத்தனர். பொறியாளர் வரைந்த வீட்டில் சமையல் இடம் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை முதன்முதலாக அங்கே சமைப்பவர்களுக்குக் கிடைத்தது.

1993 செப்டம்பர் 30 லாத்தூர் நிலநடுக்கத்துக்குப் பின் மகாராஷ்டிரத்தில் மகளிர் குழுக்கள் வீடு கட்டும் பணியைக் கண்காணித்தன. 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின் சேவா அமைப்பு பெண்களுக்குக் கொத்துவேலைப் பயிற்சி அளித்தது. கேரளத்தில் குடும்பஸ்ரீ 1998இல் தொடங்கியது; பின்னாளில் அதன் பெண்கள் கட்டுமானக் குழுக்களாகச் சேர்ந்து அரசின் வீட்டுத் திட்டங்களில் வீடுகள் கட்டினர். ஜார்க்கண்டில் கழிப்பறை கட்ட ஆண் கொத்தனார்கள் கிடைக்காத நிலையில் பெண்கள் பயிற்சி பெற்றனர். ஆண் கொத்தனாரை 'ராஜ்மிஸ்திரி' என்பது அங்கே வழக்கம். இவர்களுக்கு 'ராணி மிஸ்திரி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. தமிழில் பெண் கொத்தனாரைக் குறிக்க இன்னும் தனிச்சொல் வழக்குக்கு வரவில்லை.

அமெரிக்காவில் தோன்றிய ஹேபிடாட் பார் ஹியூமானிட்டி வேறு வகை. மில்லர்ட் புல்லர், லிண்டா புல்லர் தம்பதியர் 1976இல் ஜார்ஜியா மாநிலத்தில் இதைத் தொடங்கினர். வீடு பெறும் குடும்பமும் தன்னார்வலர்களும் சேர்ந்து கட்ட வேண்டும். குடும்பம் வட்டியில்லாமல் விலையைத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். 1991இல் வட கரோலினாவின் சார்லட் நகரில் பெண்கள் மட்டுமே சேர்ந்து ஒரு வீட்டைக் கட்டினர். பெண்கள் கட்டும் வீடுகளுக்கான தனித்திட்டம் அதிலிருந்து வளர்ந்தது. இந்தியாவில் இந்த அமைப்பின் பணி 1983இல் கம்மத்தில் தொடங்கியது.

அலுவலகத்தில் பணிபுரியும் பெண்கள் ஒரு நாள் வந்து செங்கல் கைமாற்றிவிட்டுப் போவதை ஏளனம் செய்வது எளிது. அவர்கள் கட்டும் சுவரைக் கொத்தனார் பின்னர் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஆனாலும் அந்த ஒரு நாளில் வீட்டுக்காரப் பெண்ணோடு பக்கத்தில் நின்று வேலை செய்வதும், திரும்பிப் போய் நிதி திரட்டுவதும் வீணல்ல. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வசதியுள்ள பெண் ஒரு நாள் கூலியின்றி வேலை செய்தால் அதன் பெயர் தொண்டு. ஏழைப் பெண் தன் வீட்டுக்காக இரண்டு மாதம் கூலியின்றி வேலை செய்தால் அதன் பெயர் பயனாளிப் பங்கு. இரண்டாமவர் அந்த நாள்களில் இழக்கும் கூலியைப் பல திட்டங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் 100 நாள் வேலைத் திட்டத்தின் வழியாகப் பயனாளியின் உழைப்புக்குச் சுமார் 90 நாள் கூலி வழங்கும் ஏற்பாடு இந்தக் குறையை ஓரளவு சரிசெய்கிறது.

மீண்டும் பெரம்பலூர், அரியலூர்

இந்த இரு மாவட்டங்களில் லாப்டியைப் போன்ற பெரிய இயக்கம் உருவாகவில்லை. வீடு பெரும்பாலும் அரசுத் திட்டங்களின் வழியாகவே வந்தது. 1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் வீட்டைப் பெண்ணின் பெயரில் அல்லது கணவன் மனைவி இருவர் பெயரில் ஒதுக்கச் சொன்னது. 2010இல் தமிழ்நாடு அரசு 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றக் கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2011இல் 300 சதுர அடிப் பசுமை வீடுகள், 2016இல் பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம், 2024இல் 360 சதுர அடியில் 3.5 லட்சம் ரூபாய் உதவியுடன் கலைஞரின் கனவு இல்லம் என்று திட்டங்கள் தொடர்ந்தன.

திட்டப் பணம் அடித்தளம், சன்னல் மட்டம், கூரை மட்டம் என்று கட்டம் கட்டமாக வரும். முந்தைய கட்டம் முடிந்தால்தான் அடுத்த தவணை. கையில் முன்பணம் இல்லாத குடும்பம் கடன் வாங்கிக் கட்ட வேண்டும். சன்னல் மட்டத்தில் நின்றுபோன சுவர்களைப் பல ஊர்களில் காணலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் உதவியது இங்கேதான். தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய குழு முறை, 1990களின் இறுதியில் மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவியது. குழுவின் உள்கடன் சிமெண்ட் மூட்டையாக மாறிச் சுவரைக் கூரை மட்டத்துக்கு ஏற்றியது. செங்கல் இறக்குவது, சுவருக்குத் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்துவது, அடித்தளத்துக்கு மண் நிரப்புவது ஆகியவற்றில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் கைமாற்றாகச் செய்துகொடுக்கும் உதவியை யாரும் தன்னார்வத் தொண்டு என்று அழைப்பதில்லை. நடவுக்குக் கைமாற்று ஆள் போவதைப் போல அதுவும் ஒரு கடன். அடுத்த வீடு எழும்போது திருப்பித் தரப்படும்.

கரிசல் மண்ணின் குணம் வேறொரு சோதனை. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் இந்த மண்ணில் ஆழமில்லாத அடித்தளம் போட்டால் இரண்டு மூன்று கோடைக்குள் சுவரில் குறுக்கே வெடிப்பு விழும். கரிசலை வெட்டி எடுத்து மணலோ கிராவலோ நிரப்பி, மேலே கம்பி கட்டிய பெல்ட் கான்கிரீட் போட வேண்டும். மாநிலம் முழுவதற்கும் ஒரே தொகையாக வரும் உதவியில் இந்தக் கூடுதல் செலவுக்கு இடமில்லை. அதனால் பெரம்பலூர் பக்கத்தின் செம்மண் ஊரில் ஒரு தொகைக்கு முடியும் வீடு, பத்துக் கிலோமீட்டர் தள்ளிக் கரிசல் ஊரில் அதே தொகைக்கு முடிவதில்லை. கொள்ளிடக் கரையோரத் திருமானூர்ப் பகுதியிலோ வெள்ளத்தைக் கருதி அடித்தளத்தை உயர்த்த வேண்டியிருக்கிறது.

அரியலூர் மாவட்டத்தில் சோழர் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. கண்டராதித்தம் என்னும் ஊரும் அதன் பெரிய ஏரியும் கண்டராதித்த சோழன் பெயரைச் சொல்லி நிற்கின்றன. அவன் தேவியான செம்பியன் மாதேவி 10ஆம் நூற்றாண்டில் சோழநாட்டின் செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றியவர். அவர் பெயரைக் கல்வெட்டுகள் காத்து வைத்திருக்கின்றன. கல் சுமந்த பெண்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. ஊரகக் குடியிருப்புத் திட்ட வீட்டின் முகப்பில் திட்டத்தின் பெயர், ஆண்டு, தொகையோடு பயனாளியின் பெயரும் எழுதப்படுகிறது. பெரம்பலூர், அரியலூர் ஊர்களில் அந்தப் பெயர் பல வீடுகளில் ஒரு பெண்ணின் பெயர்.